காணாத வீட்டுக்கு இட்ட கையெழுத்து

மலையும் கடலும் மாணவர் பரிமாற்றச் சங்கத்தின் பதினான்காம் ஆண்டு நிறைவு விழாவில், 1978 ஆவணி மாதம், புங்குடுதீவு மடத்துவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் தியாகலிங்கம் ஆற்றிய உரை.

அவைக்கு அணியாகவும் எங்கள் சங்கத்துக்கு ஆணிவேராகவும் வீற்றிருக்கும் தலைவர் ஆழ்வாப்பிள்ளை அவர்களே, அகவையிலும் அனுபவத்திலும் எனக்கு மூத்த பெரியோர்களே, தாம் பெற்ற பிள்ளைக்குப் பிசைந்த சோற்றில் ஒரு பிடியைப் பிறர் பெற்ற பிள்ளைக்கும் எடுத்து ஊட்டிய தாய்மார்களே, கச்சான் காற்றையும் கடல் அலையையும் பாராமல் நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வந்து நனைந்த சீலையோடு அமர்ந்திருக்கும் என் உடன்பிறப்புகளே, இன்று இல்லப் பார்வையாளராகப் பொறுப்பேற்கும் ஐந்து இளைய ஆசிரியர்களே, உங்கள் ஒவ்வொருவர் முன்னும் புளியங்கூடல் தியாகலிங்கத்தின் கைகள் குவிகின்றன.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்தபோது, "நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைப் பார்த்து, நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பத்திரமாகச் சேர்த்தவர்" என்று சொன்னார். தலைவரே, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. நான் கையெழுத்திட்ட வீடுகள் நூற்றுப் பதினேழு. பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டவை நூற்றுப் பதினாறு.

முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் ஒரு காலத்தில் அதைச் சின்ன விடயம் என்றே நினைத்திருந்தேன். அந்த ஒற்றை வீட்டின் கதையைச் சொல்லத்தான் இன்று இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நெஞ்சுக்குள் கிடந்த கல் இது. இன்று இறக்கி வைக்கிறேன்.

எங்கள் சங்கம் செய்வது என்ன? மலைநாட்டுப் பிள்ளை ஒரு பள்ளித் தவணைக்கு எங்கள் தீவுக்கு வருகிறது. எங்கள் தீவுப் பிள்ளை ஒரு தவணைக்கு மலைநாட்டுக்குப் போகிறது. கடலைக் காணாத கண் கடலைக் காண்கிறது. மலையை மிதிக்காத கால் மலையை மிதிக்கிறது. கேட்க இனிமையான காரியம். ஆனால் எண்ணிப் பாருங்கள். பதுளையில் இருக்கும் ஒரு தகப்பன், தன் வாழ்நாளில் கண்டிராத தீவிலே, பெயர்கூடக் கேட்டிராத வீட்டிலே, தன் பதினைந்து வயது மகளை விடுகிறான். யாரை நம்பி விடுகிறான்? வீட்டுக்காரரையா? அவர்களை அவனுக்குத் தெரியாது. சங்கத்தையா? சங்கம் என்பது ஒரு முத்திரை. அவன் நம்புவது ஓர் ஆளை. முன்கூட்டியே அந்த வீட்டுக்குப் போய், கிணற்றை எட்டிப் பார்த்து, கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, வீட்டாரின் முகத்தைப் பார்த்து, "பார்த்தேன், நல்லது" என்று எழுதுகிற ஓர் ஆளை. அந்த ஆளுக்குத்தான் இல்லப் பார்வையாளர் என்று பெயர். பார்ப்பவர் என்று பொருள். பார்க்காதவனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

1966ஆம் ஆண்டு, ஆடி மாதம். நெடுந்தீவில் ஒரு வீட்டை நான் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பெயர் ஏரம்பு. தீவின் கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளர். மனைவி யோகம்மா. ஒரே மகள் நாகபூசணி. அவர்கள் ஒன்றரை ஆண்டுக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அப்போது எங்கள் திட்டம் ஊர்காவற்றுறைப் பக்கமும் புங்குடுதீவிலும் மட்டுமே நடந்தது. நெடுந்தீவுக்கு முறை வர இவ்வளவு காலம் ஆயிற்று. விண்ணப்பத்தின் அடியில் அந்தப் பிள்ளை தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தாள். "எனக்கு மலையைப் பார்க்க ஆசை. வருகிற பிள்ளைக்கு என் கட்டிலைக் கொடுப்பேன்." மணிமணியான எழுத்து.

விடியவே முதல் பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தேன். கச்சான் வெளுத்து வாங்கியது. கரையிலே கட்டியிருந்த வள்ளங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. வள்ளக்காரரிடம் கேட்டேன், போகலாமா என்று.

"போகலாம் மாஸ்ரர். நனைவியள். ஆனா போகலாம்" என்றார்.

போயிருக்க வேண்டும். ஆனால் முந்திய ஆண்டு இதே ஆடியில் நெடுந்தீவு வள்ளம் ஒன்று கவிழ்ந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்திருந்தேன். சிலர் தப்பினார்கள், சிலருடைய உடலைக்கூட எடுக்கவில்லை என்று போட்டிருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்களும் கீழே இருந்தன. நான் படிக்கவில்லை. தலைப்பைப் படித்ததுமே பத்திரிகையை மடித்துவிட்டேன். எனக்குக் கடல் பயம். தீவிலே பிறந்தவனுக்குக் கடல் பயமா என்று கேட்காதீர்கள். பயம் பிறந்த ஊரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இறங்குதுறைத் தேநீர்க் கடையில் குந்தினேன். பைக்குள் படிவம் இருந்தது. இருபத்திரண்டு கேள்விகள். பக்கத்திலே பழைய விண்ணப்பமும் இருந்தது. வீடு கல்வீடா? ஆம். தனியறை உண்டா? உண்டு. கிணற்றுக்குக் கட்டு உண்டா? உண்டு. எல்லாம் விண்ணப்பத்தில் இருந்தபடியே எழுதினேன். ஒன்பதாவது கேள்விக்கு வந்தேன். அதுதான் பெண்பிள்ளைகளை அனுப்புவதற்கு உயிரான கேள்வி. "விருந்து மாணவியின் வயதொத்த பெண்பிள்ளை வீட்டில் உண்டா? நேரிற் கண்டீரா?"

கண்டேன் என்று எழுதினேன். பெயர் நாகபூசணி, வயது பதினாறு, நல்ல உடல்நலம் என்று எழுதினேன். அதோடு விட்டேனா? இல்லை. அறிக்கைக்கு ஓர் அழகு வேண்டும் என்று, "அமைதியான பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். வருகிற மாணவிக்கு எந்நேரமும் துணையாக இருப்பாள்" என்றும் சேர்த்தேன். அடியிலே கையெழுத்து. சங்க முத்திரை. ஒரு பிரதி அலுவலகத்துக்கு, மறுபிரதி அந்த வீட்டுக்குத் தபாலில். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

பின்னாலிருந்து ஓர் அண்ணை கேட்கிறார், "அதிலை என்ன பெரிய குற்றம் மாஸ்ரர், எல்லாரும் செய்யிறதுதானே" என்று. அண்ணை, கொஞ்சம் பொறுங்கள். குற்றத்தின் அளவு அதைச் செய்கிற நேரத்தில் தெரிவதில்லை.

ஆவணி கழிந்து மூன்றாம் தவணை தொடங்கியது. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தவருடைய மகள் பாக்கியலட்சுமி நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் அவளைக் குறிகட்டுவானில் ஏரம்புவிடம் ஒப்படைத்தேன். அந்த மனிதர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு நடந்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனார். அவர் கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

ஐப்பசி பிறந்த முதற்கிழமை, பிள்ளையின் தகப்பனிடமிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நன்றிக் கடிதம். "என் மகள் எழுதும் கடிதங்களில் வேறு செய்தியே இல்லை. எல்லாம் நாகபூசணி பற்றியே. நாகபூசணி அருகில் இருக்கிறாள் என்றும், நாகபூசணி கடலைப் பற்றிச் சொன்னாள் என்றும் எழுதுகிறாள். அந்த நல்ல பிள்ளையை மார்கழி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். மலையைக் காட்டுகிறோம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் உரத்து வாசித்தேன். என் எதிரே பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர் இருந்தார். நெடுந்தீவுக்காரர். எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். கொப்பி திருத்திக்கொண்டிருந்தவருடைய பேனை நின்றது.

"எந்த நாகபூசணி?" என்றார்.

"சங்கக்கடை ஏரம்பற்றை மகள்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அவள் போன வருசம் ஆடியிலை வள்ளத்தோடை போயிட்டாள் மாஸ்ரர். உடம்பும் எடுக்கேல்லை. தாய்க்காரி அந்தியேட்டிக் கிரியையும் செய்ய விடேல்லை."

சபையோரே, அந்த அறையில் அப்போது பட்டப்பகல். வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கையிலே அந்தக் கடிதம். "நாகபூசணி அருகில் இருக்கிறாள்." நான் எழுதிய வரி என் காதுக்குள் கேட்டது. எந்நேரமும் துணையாக இருப்பாள். எந்நேரமும் துணையாக இருப்பாள்.

மறுநாள் சனிக்கிழமை, முதல் வள்ளத்தில் ஏறினேன். கடல் குளம்போலக் கிடந்தது. காற்றில்லை, அலையில்லை. பயப்பட ஒன்றுமில்லாத அந்தக் கடலில்தான் என் வாழ்நாளில் ஆகக் கூடுதலாகப் பயந்தேன்.

நெடுந்தீவிலே இறங்கி, முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே நடந்தேன். வழி கேட்ட இடத்தில் ஒருவர் வீட்டைக் காட்டிவிட்டு, "ஏரம்பற்றை வீட்டுக்கோ?" என்று ஒருமுறை கேட்டார். படலையைத் திறந்தேன். முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. நான் எழுதியபடியே கல்வீடு. நான் எழுதியபடியே கிணற்றுக்குக் கட்டு. ஒரு குறையும் சொல்ல ஏலாது.

கொடியிலே பாடசாலைச் சட்டைகள் தொங்கின. இரண்டு சோடி. இரண்டும் நனைந்திருந்தன. இரண்டிலிருந்தும் நீர் சொட்டியது.

குசினிக்குள் ஒரு பெண்குரல் பேசிக்கொண்டிருந்தது. "கத்தரிக்காயை ஒதுக்கக்கூடாது" என்றது. பிறகு நின்றது. மறுமொழி கேட்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றது. "ஓம், ஓம், நாளைக்கு மீன் வாங்குவம்" என்று மறுபடி பேசியது. எதிர்க்குரல் எனக்குக் கேட்கவில்லை.

நான் செருமினேன். யோகம்மா வெளியே வந்தார். தலை வாரி, பொட்டு வைத்து, வெளுத்த சீலை உடுத்திருந்தார். முகத்திலே ஒரு பித்தும் இல்லை. சிரித்த முகம்.

"வாங்கோ மாஸ்ரர். இரண்டாந்தரம் வாறியள். முதல்தரம் நீங்கள் வரேக்கை நான் கிணத்தடியிலை நிண்டிருப்பன். உங்களுக்கு ஒரு தேத்தண்ணி தரவும் குடுத்துவைக்கேல்லை" என்றார். கதிரையைச் சீலைத் தலைப்பால் துடைத்து வைத்தார். பிறகு சொன்னார்:

"நீங்கள்தான் என்ரை பிள்ளையைக் கண்டனீங்கள். ஊரெல்லாம் இல்லை எண்டு சொல்லிச்சுது. இவரும் இல்லை எண்டார். நான் ஒரு வருசம் வாயைத் திறக்கேல்லை. உங்கடை கடிதம் வந்த அண்டைக்குத்தான் நான் சோறு திண்டனான்."

சுவரிலே சாமிப் படங்களுக்கு நடுவே, கண்ணாடிச் சட்டமிட்டு, பூ வைத்து, என் அறிக்கை தொங்கியது. என் கையெழுத்து. என் முத்திரை. ஒன்பதாவது கேள்விக்கு எதிரே யாரோ விரலால் தொட்டுத் தொட்டு மை மங்கியிருந்தது.

தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். கடல் கொண்டுபோன பிள்ளை. உடல் இல்லை. சாம்பல் இல்லை. தாய் நம்புவதற்கு ஒரு துரும்பு போதும். அந்தத் துரும்பை முத்திரை குத்தி, முத்திரைத்தலை ஒட்டி, தபாலில் அனுப்பிவைத்தவன் நான்.

விருந்து மாணவியைத் தனியே விசாரிக்க வேண்டும் என்பது விதி. பாக்கியலட்சுமியை முற்றத்துப் பூவரசின் கீழே கூப்பிட்டேன். மெலிந்திருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது. தலைப்பின்னல் நான் ஒப்படைத்தபோது இருந்ததுபோல இல்லை, வேறு ஒருத்தியின் பாணியில் இருந்தது.

"இந்த வீட்டிலே எத்தனை பேர் அம்மா?"

"நாலு பேரு சார்" என்றாள். தயங்கவில்லை.

"யார் யார்?"

"மாமா, மாமி, நான், பூசணி."

"பூசணி எங்கே?"

"மத்தியானத்துல தூங்குவாங்க சார்."

"நீ அவளைக் கண்டிருக்கிறாயா?"

அவள் நெடுநேரம் மண்ணைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "மொதல்ல காணல சார். பள்ளிக்கூடத்துல எல்லாம் அவங்க செத்துட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. மாமி அந்தக் காயிதத்தைக் காட்டினாங்க. நீங்க பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. பெரியவங்க பொய் எழுதுவாங்களா சார்? எங் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன். காயிதத்துல அதிகம் பேசமாட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. அதனால பேசாம இருந்து காது குடுத்துக் கேட்டேன். கொஞ்ச நாள்ல கேட்டுச்சு."

"என்ன கேட்டது?"

"வான்னு கூப்பிடுறாங்க. கடலுக்குள்ள. நெஞ்சளவு வந்தா முகத்தைக் காட்டுறேன்னு சொல்றாங்க. பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப தினம் கொஞ்சம் கொஞ்சமாப் போறேன். மாமி கேட்டா, கரையில வெளையாடினேன்னு சொல்லுவேன். நேத்து இடுப்பளவு போயிட்டேன் சார்."

சபையோரே, அந்தப் பிள்ளைக்குப் பைத்தியமா? இல்லை. ஊரை விட்டு, உறவை விட்டு, பேச்சு வழக்கே வேறான இடத்தில் தனியே இருந்த ஒரு பிள்ளை, தன் கண்ணை நம்புவதா, முத்திரை குத்திய கடிதத்தை நம்புவதா என்று தடுமாறி, கடிதத்தை நம்பியது. நல்ல பிள்ளை அப்படித்தான் செய்யும். அப்படித்தானே நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம்?

அந்நேரம் ஏரம்பு கடையிலிருந்து ஓடிவந்தார். யாரோ என்னைக் கண்டு சொல்லியிருக்க வேண்டும். என்னைப் படலைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"மாஸ்ரர், நீங்கள் வந்திருப்பியள், பக்கத்து வீட்டுப் பெட்டையைக் கண்டு மாறி எழுதியிருப்பியள் எண்டுதான் நான் நினைச்சனான். எழுதி அறிவிச்சிருக்க வேணும். அறிவிக்கேல்லை. என்ரை மனிசி சாப்பிடத் துடங்கினாள். கதைக்கத் துடங்கினாள். நான் வாயை மூடிட்டன்" என்றார்.

பிள்ளை கடலுக்குள் போவதைச் சொன்னேன். அந்த மனிதர் வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்தார்.

"பிள்ளையை இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா இவளுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. நீங்கள் கண்டதாவே இருக்கட்டும். சொன்னியள் எண்டால் இவளும் எனக்கு இல்லை."

எவ்வளவு வசதியான வேண்டுகோள் பாருங்கள். என் பொய்யைக் காப்பாற்றச் சொல்லி, என் பொய்யால் கெட்டவரே கெஞ்சுகிறார். நான் தலையாட்டியிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். பிள்ளையும் தப்பியிருக்கும். அந்தத் தாய் மட்டும், அந்தக் குசினியில், மறுமொழி வராத இடைவெளிகளோடு பேசிக்கொண்டே இருந்திருப்பார். அடுத்து எந்த வீட்டுப் பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்திருப்பாரோ, அறியேன்.

என்ன செய்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லி அவர் உயிரை விட்டால்? சொல்லாமல் விட்டு இன்னொரு பிள்ளை போனால்? படலையிலிருந்து வாசல்வரை இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியும் நான் ஒரு முடிவுக்கும் வராமல்தான் நடந்தேன்.

யோகம்மா தேநீரோடு நின்றார். நான் வாங்கவில்லை.

"அம்மா, நான் ஆடியிலை இந்த வீட்டுக்கு வரேல்லை" என்றேன்.

அவர் சிரித்தபடியே நின்றார்.

"கடலுக்குப் பயந்து குறிகட்டுவானிலை இருந்திட்டன். தேத்தண்ணிக் கடையிலை இருந்து பழைய விண்ணப்பத்தைப் பாத்து எழுதினனான். உங்கடை மகளை நான் காணேல்லை. ஒருநாளும் காணேல்லை."

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்திலே அப்படியே நின்று, பிறகு மெல்ல மெல்லக் கழன்றது. அவர் கேட்டார்:

"கண்ணாலை காணேல்லையோ?"

"இல்லை அம்மா."

"அமைதியான பிள்ளை எண்டு எழுதினியளே."

"சும்மா எழுதினனான்."

"அவள் அமைதியான பிள்ளை இல்லை மாஸ்ரர்" என்றார் யோகம்மா. "வாய் ஓயாள். இந்த வீட்டிலை அவளின்ரை சத்தம்தான்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பாக்கியலட்சுமியைக் கூப்பிட்டார். பிள்ளை வந்தது. அவளுடைய பாவாடைக் கரையிலே காய்ந்த உப்பு இருந்தது. யோகம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை, நீர் அவளைக் கண்டனீரோ?"

பிள்ளை என்னைப் பார்த்தது. சுவரிலே தொங்கிய கடிதத்தைப் பார்த்தது. பிறகு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தது.

"இல்ல மாமி. காணல."

அப்போதுதான் அந்த அழுகை வந்தது. பதினைந்து மாதமாக வராத அழுகை. நிலத்தில் விழுந்து, மகளைப் பெயர் சொல்லி அழைத்து, மார்பில் அடித்து அழுத அந்தக் குரலைக் கேட்டு அயலெல்லாம் ஓடிவந்தது. படலைக்கு வெளியே நின்று யாரோ கேட்டார்கள், "ஆர் செத்தது? ஆர் செத்தது?" என்று.

ஏரம்பு சொன்னார்: "என்ரை பிள்ளை. இண்டைக்குத்தான்."

முன்வரிசையில் ஓர் அக்கா கண்ணைத் துடைக்கிறார். அக்கா, நானும் அன்று துடைத்தேன். ஆனால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை?

பிற்பகல் வள்ளத்தில் பாக்கியலட்சுமியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். யோகம்மா அவளுக்கு முகம் கழுவி, தலையை அவிழ்த்து, அவள் வீட்டில் எப்படிப் பின்னுவார்களோ அப்படிப் பின்னச் சொல்லி, கையால் பிடித்து வள்ளம்வரை கொண்டுவந்து விட்டார். வள்ளம் நிறைந்த சனம். பிள்ளை பலகையில் இருந்தாள். தன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டு இருந்தாள். ஒரு வயது போன மனிசி அந்த இடத்தில் இருக்கப் பார்த்தார்.

"ஆள் இருக்கு" என்றாள் பிள்ளை.

மனிசி வெற்றுப் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வள்ளம் போனது. கரை மறைந்தது. நடுக்கடல் வந்தது. தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தில்தான் போன ஆண்டு வள்ளம் கவிழ்ந்ததென்று வள்ளக்காரர் யாருக்கோ மெதுவாகச் சொன்னார்.

பிள்ளை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு நகர்ந்து, அந்தக் கிழவியின் கையைப் பிடித்து, "உக்காருங்க பாட்டி" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்தக் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று பின்னாளில் எனக்கு எழுதினாள்.

நான் அன்றே சங்கச் செயலாளர் நடராசாவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். சரியான தண்டனை. குறைந்த தண்டனை. பிள்ளையைப் பதுளைக்கு நானே கொண்டுபோய் விட்டு, தகப்பன் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அந்த மனிதர் என்னை அடிக்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் தேறிவர ஓர் ஆண்டு சென்றது. இப்போது மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலே தாதியாக இருக்கிறாள். தைப்பொங்கலுக்குக் கடிதம் வரும். ஒருமுறை எழுதினாள்: "சார், வார்டுல ஆள் எண்ணும்போது நான் பட்டியலப் பாத்து எண்ணமாட்டேன். கட்டில் கட்டிலாப் போயி, முகத்தைப் பாத்துத்தான் எண்ணுவேன்."

இளைய ஆசிரியர்களே, இன்று உங்கள் கையில் படிவம் தருகிறோம். இதைவிடச் சிறந்த அறிவுரை என்னிடம் இல்லை. முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். கடல் கொந்தளித்தால் திரும்பி வாருங்கள். "போகவில்லை" என்று எழுதுங்கள். போகவில்லை என்று எழுதுவதில் அவமானம் இல்லை. பயந்தேன் என்று எழுதுவதிலும் அவமானம் இல்லை. காணாததைக் கண்டேன் என்று எழுதுகிறீர்களே, அதை யாரோ ஒருவர் எங்கோ ஒரு வீட்டில் நம்புவார். நம்பிச் சோறு வைப்பார். நம்பிச் சட்டை தோய்ப்பார். நம்பித் தண்ணீருக்குள் இறங்குவார். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அது சொல்கிற விடை எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சிரிக்காதீர்கள். இருந்து கேளுங்கள். "எல்லாம் நல்லம்" என்கிற வீட்டிலே இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருங்கள்.

யோகம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்த ஐப்பசியிலேயே கீரிமலைக் கடற்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். போனேன். எட்டி நின்றேன். ஏரம்பு வந்து பக்கத்தில் நிற்க வைத்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல், அந்த வீட்டிலிருந்து மறுபடி ஒரு விண்ணப்பம் வந்தது. யோகம்மாவின் கையெழுத்து. சங்கத்தில் பலர் வேண்டாம் என்றார்கள். நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். அது மார்கழி. வாடைக்காற்று வள்ளத்தைப் புரட்டியது. தோய்ந்து, நடுங்கி, போய்ச் சேர்ந்தேன். மூன்று தரம் போனேன், சொல்லாமல் போனேன். நாள் முழுக்க இருந்தேன். குசினிக்குள் பேச்சுக் கேட்கவில்லை. கொடியில் அவர்கள் இருவரின் உடுப்பே கிடந்தது. படிவத்தை எடுத்து, வீட்டிலே எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் மாஸ்ரர்" என்றார் யோகம்மா. "நல்லா எண்ணிப்போட்டு எழுதுங்கோ."

வயதொத்த பெண்பிள்ளை இல்லாத வீடு. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மாணவியரை அனுப்புவதென்று சங்கம் முடிவெடுத்தது. ஒருவருக்கொருவர் துணை. இன்றுவரை பதினான்கு பிள்ளைகள் அந்த வீட்டில் இருந்து படித்துப் போயிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது யோகம்மா கடற்கரை முனையில் நிற்பார். பிள்ளைகளைக் கையில் பிடித்துத்தான் கூட்டிவருவார்.

போன கிழமை அவரிடம் போய், இந்தக் கதையை மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லுங்கோ. ஆனா என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லுங்கோ. நீங்கள் எழுதினது ஒரு பிள்ளை. நான் பெத்தது வேறை பிள்ளை. நான் பெத்ததைச் சொல்லுங்கோ" என்றார்.

ஆகவே சொல்கிறேன். அவள் பெயர் நாகபூசணி. வாய் ஓயாத பிள்ளை. மலை பார்க்க ஆசைப்பட்ட பிள்ளை. வருகிறவளுக்குத் தன் கட்டிலைக் கொடுக்க நினைத்த பிள்ளை. 1965 ஆடியில், பதினைந்து வயதில், நெடுந்தீவுக் கடலில் இறந்தாள். அவளை நான் காணவில்லை.

இவ்வளவு நேரம் இருந்து கேட்ட தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், என்னை வெறுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி உரியது. கடைசி வள்ளத்துக்குப் போகிறவர்கள் நேரத்தோடு புறப்படுங்கள். ஏறும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். எல்லோரும் சுகமாக வீடு சேர வேண்டும் என்று வேண்டி, தலைதாழ்த்தி வணங்கி, அமர்கிறேன்.